தெரிஞ்சதுக்கு மட்டும் அழுத்து

நெத்திலி மீனின் தலையைக் கிள்ளி, சதை கிழியாமல் நடுமுள்ளை உருவி எடுக்கிற கண் அவருக்கு இருந்தது. அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு எருமை வந்து நின்று, மீன் அலச வைத்திருக்கிற வாளித் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுப் போனாலும் அவருக்குத் தெரியாது. வாளிக்குள் கையை விட்டு, கை அடிமட்டத்தில் இடித்த பிறகுதான், "எவ அவ, தண்ணிய எட்த்துகினு போனது?" என்று சத்தம் போடுவார். சுற்றியிருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "அவ இல்லக்கா, அது. வாலு கீது அதுக்கு" என்பார்கள்.

கோவளத்தில் மீன் விற்கிற இடத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்கின மீனை அவரிடம் கொண்டுபோனால் செதில் சீவி, வெட்டி, அலசிக் கொடுப்பார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பெயர் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிடும்போது நான் வேறு எதற்காவது பயந்துகொண்டிருந்திருப்பேன். அக்கா என்று கூப்பிட்டேன், அதுவே நின்றுவிட்டது.

நாங்கள் பழகியது செங்கல்பட்டில், கண் ஆஸ்பத்திரியில். ஏழெட்டு வருஷம் இருக்கும். செவ்வாய்க்கிழமை என்றால் எங்களைப் போன்ற 'பிரஷர் கண்'காரர்களுக்கான நாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, உள்ளே நரம்பு தேய்ந்து, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வலிக்காது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. இதையெல்லாம் சுவரில் படம் போட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் அந்தச் சுவரில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மூடியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள். கண்ணில் கோளாறு என்று தெரிந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பேன். மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை. நேற்றைவிட இன்று மங்கலா, இல்லை காலண்டர்தான் அழுக்கா? இந்தச் சந்தேகத்திலேயே பொழுது போகும்.

முதல் தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணி பார்த்து, பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, தலையை அண்ணாந்து இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டார். கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். எதிரே பார்த்து, யாரிடமோ சொல்வதுபோல, "செருப்பு. பச்ச வாரு. எடது காலு மட்டும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நோய் முற்றினால் மூளைக்கும் போகுமோ என்று நினைத்தேன்.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"கண்ணுல மொதல்ல பட்டத சொல்றேன்."

"யார்கிட்ட?"

"குடுத்தவங்ககிட்ட. உனக்கு ஒருத்தரு பார்சல் அனுப்புனா, வந்துச்சுன்னு போன் பண்ணி சொல்லுவியா இல்லியா? அனுப்புனவங்களுக்குப் போய் சேந்துச்சோ இல்லியோன்னு அடிச்சிகினு இருக்கும்ல? அந்த மாரி."

"சாமிக்கா?"

"சாமியோ, யாரோ. அட்ரஸ்லாம் எனக்குத் தெரியாது. வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுவேன்."

பழகப் பழகத் தெரிந்தது, அவர் முழுவதுமே இதுதான். தெரிந்ததைத் தெரிகிறது என்பார். தெரியாததைத் தெரியவில்லை என்பார். இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். கண் போய்க்கொண்டிருக்கிற ஆட்களோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்தால்தான் இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். எங்களில் பாதிப் பேர் தெரியாததைத் தெரிகிறது என்று சமாளிப்போம். மீதிப் பேர் எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு என்று இருப்பதையும் சேர்த்து மூடி வைப்பார்கள். நான் இரண்டு வகையிலும் உண்டு. வெளியே முதல் வகை, வீட்டுக்குள் இரண்டாவது.

"எவ்ளோ தெரியுதுக்கா?" என்று யாராவது கேட்டால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டுவார். "இவ்ளோ. ஆனா இந்த இவ்ளோவுக்குள்ள எல்லாம் கீது."

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், ஊனமுற்றோருக்கான இருக்கையில் உட்கார்ந்தார். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, அதில் பொடி எழுத்தில் இருந்த தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பையனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமே, கண்ணு தெரியாதுன்னு சீட்டு வாங்கிகினு, இப்ப எறும்பு சைஸ் எழுத்தெல்லாம் படிக்கற?"

"இது தெரியுதுப்பா."

"அப்ப எதுதான் தெரியல?"

"நான் இன்னா மேல ஒக்காந்துகினு கீறேன்னு தெரியல. மெத்துனு கீது."

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய சாப்பாட்டுப் பை. பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். எழுந்து பையை எடுத்துக் கொடுத்து, "சாம்பாரா, கொழம்பா? நல்லா மூடிதான் கீது, ஒண்ணும் ஆவல" என்றார்.

இன்னொரு தடவை, கோவளம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம். ஆட்களை ஏற்றி வர நான் ஓட்டுகிற வேனை வாடகைக்குப் பிடித்திருந்ததால் நானும் இருந்தேன். அவரை மேடையில் ஏற்றி, கையில் ஒரு கோலும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். "பார்வையை முற்றிலும் இழந்த சகோதரி" என்று முகாம் நடத்திய சங்கத்தின் தலைவர் மைக்கில் சொன்னார். போட்டோவுக்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

"கோலு குடுங்க. ஓரத்துக்கு ஒதவும்" என்றார் அக்கா. "கண்ணாடி வேணாம். இருக்கறதையும் மூடிடும்."

"இல்லம்மா, போட்டோவுக்கு மட்டும்…"

"முற்றிலும்னு சொல்லாதீங்க, தலைவரே. உங்க மீசைல சோறு ஒட்டிகினு கீது. அது தெரியுது."

தலைவர் சட்டென்று மீசையைத் துடைத்துக்கொண்டார். போட்டோ அந்த நொடியில்தான் எடுக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அவர் கூட இருப்பது எப்போதும் சுகமாக இருக்காது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்களாம். எல்லாரும் விசாரித்தபோது, அவருடைய மகள், "இப்ப அம்மாவுக்கு நல்லா தெரியுது, தேறிகினு வராங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் வேறென்ன சொல்வாள்? நாலு பேர் உச்சுக்கொட்டுவதை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி அது. இவர் விடவில்லை. அத்தனை பேர் நடுவில், "இல்ல. பொண்ண பாத்தா மாப்புள தெரியல. மாப்புளய பாத்தா பொண்ணு தெரியல. போன வருசம் ரெண்டு பேரும் ஒண்ணா தெரிஞ்சிருப்பாங்க. பரவால்ல, தனித்தனியா வாழ்த்திட்டேன்" என்றிருக்கிறார். மகள் மூன்று நாள் பேசவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

"விட்டுருக்கலாமேக்கா. அந்தப் பொண்ணு மனசு…"

"வராதத வந்துச்சுன்னு சொன்னா, வந்தத சொல்றதயும் ஒருத்தனும் நம்ப மாட்டான் தம்பி."

அதைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றினேன். காரணம் இருந்தது. நான் அவரிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒரு பரிசோதனை உண்டு. நாங்கள் அதைப் பட்டன் டெஸ்ட் என்போம். இருட்டறையில் ஒரு கண்ணை மூடி, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் மாதிரியான ஒன்றுக்குள் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கிற புள்ளியை விட்டுப் பார்வை நகரக் கூடாது. அங்கங்கே சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். முடிந்ததும் தாளில் படம் வரும். தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு.

இதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. ஆனாலும் வெளியே வரும்போது பெஞ்சில் இருப்பவர்கள், "இன்னா, பாஸா?" என்றுதான் கேட்பார்கள். உள்ளே போகிறவனுக்கு யோசனையும் சொல்வார்கள். "வெளிச்சம் வரப்ப மிசின்ல டிக்குனு ஒரு சத்தம் வரும் பாரு, அதுக்கு அழுத்து, கண்ண நம்பாத" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் எட்டாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். பரீட்சை என்றாலே கை வியர்க்கும். அதுவும் இது எந்தப் பரீட்சை? அப்போது நான் பூஞ்சேரிப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினான்கு பிள்ளைகள். கண் சரியில்லை என்று தாளில் வந்துவிட்டால் வேலை போகும். பெயிண்டிங், மீன் ஐஸ் வண்டி என்று என்னென்னவோ செய்துவிட்டுக் கடைசியில் நிலைத்த வேலை அது.

சத்தத்துக்கு அழுத்தினேன். தாள் ஏறக்குறைய வெள்ளையாக வந்தது. டாக்டர் மேடம் முகம் சுளித்து, "இது சரியா வரல. நீங்க தெரியாததுக்கும் அழுத்தியிருக்கீங்கன்னு மிஷின் காட்டுது. சீக்கிரம் திரும்ப வாங்க, பொறுமையா செய்யலாம்" என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, தாளின் வெள்ளை மட்டும்தான் கண்ணில் பட்டது. திரும்பப் போனபோதும் அப்படியே செய்தேன். வெளியே வந்து, பாஸ் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டிரிப் முடித்துவிட்டு வேனிலேயே செங்கல்பட்டு போயிருந்தேன். மாலை பிள்ளைகளை ஏற்ற மூன்றரைக்குள் திரும்பினால் போதும். அக்காவையும் ஏற்றிக்கொண்டேன். பூஞ்சேரி வரை வந்தால் அங்கிருந்து கோவளத்துக்குப் பஸ் பிடிக்கலாம். முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருக்கழுக்குன்றம் வந்தபோது கேட்டார், "ஏன் தம்பி, கோழி மாரி தலைய திருப்புற?"

"இல்லையே."

"ஒவ்வொரு தெருவுக்கும் திருப்புற. சட்ட காலர் ஒரசுற சத்தம் கேக்குது. நானும் அப்படித்தான் திருப்புவேன். எனக்கு ஓரம் இல்ல, அதனால."

கடைத்தெருவைத் தாண்டியிருப்போம். இடது பக்கம் டம்மென்று ஒரு சத்தம். பக்கவாட்டுக் கண்ணாடி மடங்கி உள்ளே வந்தது. பிரேக் போட்டேன். பால் கேன் கட்டிய ஒரு பைக். அவன் விழவில்லை. காலை ஊன்றி நின்று, என் பரம்பரையையே இழுத்துப் பேசினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். அவன் போன பிறகு, வேனை ஓரம் கட்டினேன்.

"அவன் மேலதான்க்கா தப்பு. சந்துலேர்ந்து பாக்காம வரான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் முழுதாகத் திரும்பி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டார். "பாத்தியா?"

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பட்டன் டெஸ்ட்ல பாஸுன்னியே?"

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்துக்கு அழுத்தியது, மேடம் சொன்னது, நான் கேட்காதது. சொல்லும்போதே, திட்டுவார், அழுதுவிடலாம் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு கதவைத் தடவித் திறந்தார்.

"நான் எறங்கிக்கறேன் தம்பி. பஸ்ல போறேன்."

"பயமாக்கா?"

"ஆமா. பயம்தான். எனக்கும் எடது பக்கம் இல்ல, உனக்கும் எடது பக்கம் இல்ல. அந்தப் பக்கத்த யாரு பாக்கறது?" கோலை ஊன்றி இறங்கினார். நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் எறங்கிக்கலாம், எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாதே."

கதவைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிள்ளை எங்கே ஏறும் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. வேனை நிறுத்தினால், எல்லாரும் இடது பக்கத்தில்தான் இறங்குவார்கள். அந்தப் பக்கம்தான் எனக்கு இல்லை. இத்தனை நாள் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன். பயப்பட வேண்டிய இது ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இருந்திருக்கிறேன். வேன் முதலாளிக்குப் போன் போட்டு, வண்டி நிற்கிற இடத்தைச் சொல்லி, வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன்.

"இன்னா ஆச்சு, காய்ச்சலா?"

"கண்ணு தெரியலண்ணே. எடது பக்கம்."



அடுத்த வாரமே டெஸ்டுக்குப் போனேன். இருட்டறையில் உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டிக். வெளிச்சம் இல்லை. விரல் தானாகத் துடித்தது. பட்டன் மேலிருந்து விரலைத் தூக்கிவிட்டேன். டிக். இல்லை. டிக். இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. பிறகு வலது பக்கம் மேலே, பொட்டு மாதிரி ஒன்று மின்னியது. அழுத்தினேன். அவ்வளவு நிச்சயமாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

தாளைப் பார்த்தேன். இடது கண்ணுக்கான வட்டம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. வலது கண்ணிலும் ஓரத்தில் அரிக்க ஆரம்பித்திருந்தது. மேடம், "இப்பதான் எனக்கு வேலை செய்ய ஒரு படம் கிடைச்சிருக்கு" என்றார். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார். வலது கண்ணுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட்டால் மிச்சத்தை நிறுத்தி வைக்கலாம் என்றார். முன்னாடியே தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனேன். காரில் வந்து மீன் வாங்குகிற கூட்டம். அக்கா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். குரலை வைத்துக் கண்டுபிடித்து, "டிரைவரா?" என்றார்.

"டிரைவர் இல்லக்கா இப்ப."

வெட்டுவது நின்றது. கையை நீட்டினார். டெஸ்ட் தாளைக் கொடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக, வாசற்படியில் கோலத்துக்குப் புள்ளி பார்ப்பதுபோலப் பார்த்தார். என் கண் அந்தக் கறுப்பிலேயே நின்றது. இடது கண் படத்தில் ஒரு மூலையைத் தொட்டார். "இங்க கொஞ்சம் கீது." வலது படத்துக்கு நகர்ந்தார். ஈர விரலால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி, வெள்ளை முடிகிற இடம் வரை தடவிக்கொண்டே போனார். தாள் நமுத்துப் போனது.

"அம்மாடி, ஏகத்துக்குக் கீதேடா" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "எனக்கு இவ்ளோ இருந்தப்ப நான் மூணு புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிகினு இருந்தேன்."

"எக்கா, என் மீனு இன்னா ஆச்சு?" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி அரிவாள்மணையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவைதான் பார்த்தேன். மகள் வேலை மாறி வேறு ஊருக்குப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்று விசாரித்தேன். அவரோடு உட்கார்ந்து மீன் வெட்டுகிற பெண்களுக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மேடம் ஃபைலைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தார். தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னங்க இது, மீன் வாசனை அடிக்குது?"

"ஆமாங்க மேடம்" என்றேன். "ஒருத்தர் படிச்சுப் பார்த்தாங்க."

வலது கண் படத்தின் வெள்ளையில், ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. மேடம் நகத்தால் சுரண்டப் போனார். "இருக்கட்டும் மேடம்" என்றேன். நான் இருந்த இடத்திலிருந்தே அது எனக்குத் தெரிந்தது.